ஒற்றைப் படுக்கையும் ஒரு செவிலியர் பள்ளியும்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என வகுத்தார் திருவள்ளுவர். அந்த நான்காவது உறுப்பின் அருமையை உணர்ந்து செயற்பட்ட ஒருவர், நம் பழனி மலைத்தொடரில்தான் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். கோடைக்கானலில் ‘ஹில்டாப்’ என்னும் இல்லத்தில் வாழ்ந்து, 1960 மே மாதம் தம் 89ஆம் வயதில் மறைந்த டாக்டர் ஐடா ஸ்கட்டர் அவர்.

1870இல் இராணிப்பேட்டையில் மருத்துவரின் மகளாகப் பிறந்த ஐடா, முதலில் மருத்துவராக விரும்பவில்லை. இளமையில் அவர் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூவர் தனித்தனியே வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறினார். ஆடவர் மருத்துவம் பார்ப்பதை அவர்களுடைய வழக்கம் ஏற்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. அந்த இரவே ஐடாவின் வாழ்வைத் திருப்பியது.

அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் திரும்பிய அவர், வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. படுக்கைகள் பெருகியபோது, மருத்துவர் நகர்ந்த பின் நோயாளியின் அருகில் விழித்திருப்பவர் யார் என்னும் கேள்வியும் வலுத்தது. பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் பணியை இழிவாகக் கருதிய காலம் அது. ஆயினும் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. டீலியா ஹௌட்டன் என்னும் செவிலியர் அதற்குத் துணைநின்றார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியர் கல்வி அங்கு வேரூன்றிவிட்டது. 1946இல் அப்பள்ளி, நாட்டிலேயே முதன்முதலாகச் செவிலியர் பட்டப்படிப்பை வழங்கிய கல்லூரிகளுள் ஒன்றாக உயர்ந்தது.

இவ்வரலாறு நம் இல்லங்களுக்கும் உரியது. வீடு திரும்பும் முன், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறை, புண்ணைத் தூய்மையாகக் காக்கும் முறை, மருந்துண்ணும் வேளை ஆகியவற்றைச் செவிலியரிடம் தயங்காமல் கேட்டு, அவர் முன்னிலையில் ஒருமுறை செய்து பழகிக்கொள்வோம். வள்ளுவர் கூறிய அந்த நான்காவது இடத்தில், இனி அமரவிருப்பவர் நாமே.