மேனி நலம் – 9: மருவும் பாலுண்ணியும்

தேமலைப் பற்றிய விசாரணையைச் சென்ற இதழோடு முடித்துக்கொண்டோம். இந்த வாரம் மருவுக்கு வருவோம். நடுவயதைத் தாண்டியவர் எவரும் தம் கழுத்தைச் சற்றே தடவிப் பார்த்தால், மெல்லிய காம்பில் தொங்கும் மிருதுவான சதைத் துணுக்கு ஒன்றாவது விரலில் தட்டுப்படக்கூடும். தாலிச் சங்கிலியில் சிக்கி இழுபடும்போது சுருக்கென்று வலிப்பதைத் தவிர, அதனால் வேறு உபத்திரவம் ஒன்றும் இல்லை. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று தோலோடு தோல் உராயும் இடங்களில், ஸ்தூல சரீரிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகமாகத் தோன்றுகிறது. ஆனால் கழுத்தில் இத்தகைய துணுக்குகள் பலவாக முளைத்து, பிடரித் தோலும் கறுத்துத் தடித்து வெல்வெட்டைப் போல ஆகியிருந்தால், அழகு நிலையத்துக்குப் போகுமுன் ரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வதே விவேகம்.

விரல்களிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பாக எழும்பும் பாலுண்ணி என்ற மரு முற்றிலும் வேறு ஜாதி. 1907-ஆம் ஆண்டில் சியூஃபோ என்ற இத்தாலிய வைத்தியர், மருவை அரைத்து, பாக்டீரியாவும் நுழையாத நுண்ணிய வடிகட்டியில் வடித்த நீரைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டு, அங்கே மரு முளைப்பதைக் கண்டு, இது வைரஸின் வேலை என்று நிரூபித்தார். ஆகவே இது தொற்றும். தாடியில் உள்ள மருவின் மேல் சவரக்கத்தி ஓடினால், கத்தி சென்ற பாதையெல்லாம் புதிய மருக்கள் வரிசையாகக் கிளம்புவதைக் காணலாம். அதே சமயம், குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 2 வருஷங்களுக்குள் சிகிச்சை எதுவுமின்றித் தாமாகவே மறைந்துவிடுகின்றன. கடைசியாக எந்த வைத்தியம் செய்தோமோ அதற்கே கீர்த்தி போய்ச் சேருவதன் காரணம் இதுதான். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கை செலுத்துகிறவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். அதில் தோலுக்கு எந்தத் தீங்கும் இல்லை. சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து மருவின் மேல் வைக்கிறார்களே, அதுதான் அஞ்சத்தக்கது. மருவோடு சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்து புண்ணாகி, மருவைவிடப் பெரிய தழும்பு தடித்து நின்றுவிடும்.

முதலில் சொன்ன தொங்கும் துணுக்கைக் குதிரை முடியால் இறுகக் கட்டும் பழக்கத்தில் ஓரளவு நியாயம் உண்டு; காம்பில் ரத்த ஓட்டம் நின்றால் துணுக்கு கறுத்து உதிரத்தான் செய்யும். ஆயினும் கட்டப்படுவது வெறும் சதைத் துணுக்குதானா, மச்சமா, வேறு ஏதேனுமா என்பதை முடி அறியாது. வைத்தியர் மரத்துப்போக மருந்திட்டு, மின்சூட்டுக் கருவியால் சில நிமிஷங்களில் இதை அகற்றிவிடுவார். மைனஸ் 196 டிகிரிக் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையும் இருக்கிறது. நம்மைப் போன்ற கறுத்த மேனியருக்கு அந்த இடம் வெளுத்துப்போகலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாட்டிமார்களின் கன்னத்திலும் கண்ணோரத்திலும் கடுகைத் தூவினாற்போல் இருக்கும் கரும்புள்ளி மருக்கள், பரம்பரையாக வருபவை, ஒட்டுபவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பல ஆண்டுகள் பணிபுரிந்த வைத்தியர் அல்டோ காஸ்டெல்லானி, 1925-இல் இவற்றுக்கு வைத்திய சாஸ்திரத்தில் தனிப் பெயர் சூட்டினார். இவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் என் அபிப்பிராயம்.

இத்தனை சாதுவான கூட்டத்தினிடையே எப்போதாவது ஒரு துஷ்டன் மறைந்திருப்பதும் உண்டு. பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977-இல் கண்ட கறுப்பு, பந்தாட்டத்தில் பட்ட காயமென்று எண்ணப்பட்டது. அது மெலனோமா என்னும் புற்றுநோய். 1981-இல், 36-ஆம் வயதில் அவர் காலமானார். கறுத்த மேனியருக்கு இந்நோய் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே தோன்றுகிறது. ஆதலால், வளர்ந்துகொண்டே போகிற, நிறமோ ஓரமோ மாறுகிற, தானாக ரத்தம் கசிகிற எதையும், நகத்தடியில் புதிதாக ஓடும் கருங்கோட்டையும், கட்டவும் வேண்டாம், சுடவும் வேண்டாம். நேரே தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் வெட்டியெடுக்கும் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி நீங்களே கேளுங்கள்.