உறை மோரும் ஒரு பிடி மண்ணும்

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டில் விடிந்ததும் நடந்த வேலைகளில் பாதிக்கு மேல் நுண்ணுயிரிகளோடு சேர்ந்து செய்தவை. வாசலுக்குச் சாணம் கரைத்துத் தெளித்தார்கள். தொழுவத்தைக் கூட்டி எருக்குழியில் கொட்டினார்கள். உறியில் இருந்த தயிரை இறக்கிக் கடைந்தார்கள். இரவே நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றைப் பிழிந்து, நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்தார்கள். சோறு இல்லாத வீட்டில் முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்த கம்பு மாவு கூழாகக் கொதித்தது. இட்லி அன்று பல வீடுகளுக்குத் தீபாவளிப் பலகாரம். இவற்றில் எதையும் யாரும் ஆரோக்கியத்துக்கென்று செய்யவில்லை. அன்றாடப் பாட்டோடு சேர்ந்தே வந்த உறவு அது.

இன்று நகரத்து அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்தால் பால் பாக்கெட். ஃபிரிட்ஜைத் திறந்தால் தயிர் பாக்கெட், மாவு பாக்கெட். தரையில் டைல்ஸ், அதைத் துடைக்கக் கிருமியில் 99.9 சதவீதத்தை ஒழிப்பதாகச் சொல்லும் திரவம். கீழே குழந்தைகள் விளையாடும் இடத்திலும் பேவர் கல்.

மாவை எடுத்துக்கொள்வோம். அன்றும் இன்றும் அதைப் பொங்க வைப்பவை ஒரே கூட்டம்தான். அவற்றில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் வரும் இந்த உயிர்கள், ஊறி அரைபட்ட மாவில் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. உளுந்தின் புரதமும் பசையும் அந்த வாயுவைக் குமிழியாகப் பிடித்து வைப்பதால் மாவு எழும்புகிறது. வேதியியல் தெரியாமலேயே இதன் போக்கெல்லாம் அன்றைய பெண்களுக்கு அத்துப்படி. சித்திரையில் மாவு சீக்கிரம் பொங்கி வழியும் என்று பெரிய பாத்திரம் எடுத்தார்கள். மார்கழியில் அடுப்படிச் சூட்டில் துணி சுற்றி வைத்தார்கள். புது உளுந்தா பழைய உளுந்தா என்பதை மாவு எழும்புவதை வைத்தே சொன்னார்கள்.

1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைக் கொண்டு வந்தார். குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள் தேய்ந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆட்டுக்கல்லை நினைத்து ஏங்குபவர்களில் அதில் மாவு ஆட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம். கிரைண்டர் உழைப்பைக் குறைத்ததே தவிர உறவை அறுக்கவில்லை, ஏனென்றால் மாவு வீட்டில்தான் புளித்தது. பிறகு வந்த பாக்கெட் மாவில் புளிப்பு என்பது அடக்கி வைக்க வேண்டிய ஒன்று. ஆலையிலிருந்து கடை வரை குளிர்ப்பெட்டியிலேயே வருகிறது. உயிர்கள் அதே உயிர்கள்தான். அவற்றின் பசி, சோம்பல், அவசரம் எதுவும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை என்றாகிவிட்டது. மாறாக, லண்டனிலும் டொரண்டோவிலும் குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் தமிழ் வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் பிழைத்திருக்கிறது.

தயிரின் கதை இன்னும் சுவையானது. வீட்டில் உறை மோர் தீர்ந்துவிட்டால் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஆள் போகும். இன்று இவர்கள் கொடுத்தது நாளை வேறொரு வீட்டில் தயிராகி, அடுத்த மாதம் இவர்களுக்கே திரும்பி வரும். ஒரு தெருவின் தயிரெல்லாம் ஒரே வம்சம். அந்த வம்சத்தில் எந்த உயிர் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டது, சுவையும் அப்படியே. பால் நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த சில இனங்களைக் கொண்டு ஒரே புளிப்பில், ஒரே கெட்டியில் தயிர் தருகின்றன. நம்பகமான தயிர்தான். ஆனால் அதற்குப் பக்கத்து வீடு தேவையில்லை.

இங்கே ஒரு கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். இட்லியை ஆவியில் வேக வைக்கும்போது அதைப் பொங்க வைத்த உயிர்கள் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன. உயிரோடு வயிற்றுக்குள் போவது தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும்தான்.

அன்று தொடர்பு அடுக்களையோடு நிற்கவில்லை. மண், மாடு, வைக்கோல், வரப்பு எல்லாவற்றிலும் கையும் காலும் பட்டன. இந்தத் தொடர்பு குறைவது உடலில் என்ன செய்கிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று கிடைத்தது. ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு சமூகங்களும் ஐரோப்பாவிலிருந்து குடியேறி விவசாயம் செய்பவை, மரபணு வகையிலும் நெருங்கியவை. ஆமிஷ் மக்கள் இன்றும் குதிரை பூட்டி உழுகிறார்கள், தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது. ஹட்டரைட் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயமானவை. 2016இல் வெளியான ஆய்வு குறிப்பிட்ட கணக்கின்படி ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளுக்குக் கொடுத்தபோது, அது ஆஸ்துமா போன்ற அழற்சியைத் தடுத்தது. நம் ஊரில் அறுபது ஆண்டு இடைவெளியில் இருக்கும் அன்றும் இன்றும் அங்கே ஒரே காலத்தில் அருகருகே வாழ்கின்றன.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலமே மேல் என்று முடிவு கட்டினால் தவறாகும். வெறுங்காலோடு நடந்த அதே மண்ணில் கொக்கிப்புழு காலைத் துளைத்து ஏறியது. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டவர்களின் காலிலிருந்து நரம்புச் சிலந்தி வெளிவந்தது. இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2000இல்தான் சான்று பெற்றது. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 28. சுத்தமான குடிநீரும் கழிப்பறையும் தடுப்பூசியும் சோப்பும் இந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தன. கிரஹாம் ரூக் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 2003இல் முன்வைத்த கருத்து இங்கே வழிகாட்டுகிறது. நம் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு நிதானம் கற்றுக்கொடுப்பவை மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்த மண், விலங்கு, குடல் சார்ந்த பழைய நண்பர்கள் என்கிறார் அவர். காலராவும் டைபாய்டும் அந்தப் பட்டியலில் இல்லை. சாக்கடையை விட்டு விலகியது சரி. அந்த வேகத்தில் மண்ணையும் விட்டு விலகியதுதான் கோளாறு.

இரண்டையும் பிரிக்க முடியும் என்பதை ஃபின்லாந்து காட்டியது. நகர்ப்புற மழலையர் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத்தரையைப் பெயர்த்து வந்து பதித்து, புல்லும் செடித்தொட்டியும் வைத்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். 28 நாட்களில் அவர்களின் தோலில் இருந்த நுண்ணுயிரி வகைகள் கூடின. நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் இரத்தக் குறியீடுகளும் மேம்பட்டன. 2020இல் வந்த இந்த ஆய்வு ஒவ்வாமை குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் உடல் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதே பெரிய செய்தி.

நம் ஊரிலும் சிலர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். மொட்டை மாடியில் தொட்டி வைத்து, சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து அமிர்தக்கரைசல் தயாரிக்கிறார்கள். பழைய சோறு சின்ன வெங்காயத்தோடு உணவகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. விலைதான் இடிக்கிறது, வீட்டில் செய்தால் ஒரு சொம்பு தண்ணீர் செலவு.

தனி வீட்டு முயற்சியைவிடப் பெரிய வாய்ப்பு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. மைதானம் முழுக்கப் பேவர் கல் பதிப்பதை வளர்ச்சி என்று கல்வெட்டு வைத்துத் திறக்கிறோம். அதில் கால்பங்கையாவது மண்ணாகவும் மரமாகவும் விட்டு, பிள்ளைகள் தோண்டவும் நடவும் செய்து, பக்கத்திலேயே குழாயும் சோப்பும் வைத்தால் போதும். மண்ணில் டெட்டனஸ் கிருமியும் உண்டு, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அன்றைய பிள்ளைக்கு மண்ணும் புழுவும் சேர்ந்தேதான் கிடைத்தன, தேர்வு செய்ய வழியில்லை. இன்றைய பிள்ளைக்குப் புழுவைத் தவிர்த்துவிட்டு மண்ணை மட்டும் கொடுக்க முடியும். அந்த வசதி வந்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறோம்.