வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பவர் யார்?

ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுக்கும் மாணவரிடம் நான் முதலில் கேட்பது, "சுழிப் பிழையைப் பார்த்தாயா?" என்பதுதான். கருவியைச் சோதிக்காமல் எடுத்த அளவை நம்ப முடியாது. கடைக்காரரின் தராசில்கூட முத்திரை உண்டா என்று பார்க்கிறோம். ஆனால் நம் உடலையே ஒப்படைக்கும்போது மட்டும், எதிரில் நிற்பவர் யார் என்று கேட்கக் கூச்சப்படுகிறோம்.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று என் மாமா திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி இறங்கியபின், நெஞ்சை அடைக்கிறது என்றார். அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளைஞர் நாடி பார்த்தார்; இரத்த அழுத்தம் அளந்தார்; இ.சி.ஜி. எடுக்கச் செய்தார்.

"பயம் ஒன்றுமில்லையே டாக்டர்?" என்றார் மாமா.

"நான் டாக்டர் இல்லை ஐயா, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டர் வந்து பார்த்துச் சொல்வார்" என்றார் இளைஞர்.

டாக்டர் வந்தார், பார்த்தார், மாமாவும் நலமாக வீடு திரும்பினார். வழியில் அவர் கேட்டார்: "அந்தத் தம்பி தானாகச் சொல்லாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா மாப்பிள்ளை?"

தெரிந்திராது. அதனால்தான் இக்கட்டுரை.

உதவியாளரின் பணி

டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைச் சோதிப்பது, நோயின் வரலாற்றைக் குறிப்பது, அறுவையின்போது துணை நிற்பது முதலிய வேலைகளுக்கெனப் பயிற்சி பெற்றவரே மருத்துவ உதவியாளர். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் 1965இல், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நால்வரைக் கொண்டு இப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு வித்திட்ட ஊர் நம் சென்னை. 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியனின் முயற்சியால் அது தொடங்கிற்று. இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் இது ஒரு பட்டப்படிப்பு.

ஆகவே இவர் போலி மருத்துவர் அல்லர், டாக்டரும் அல்லர். இந்த வேறுபாடு மங்கும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. இங்கிலாந்திலும் இக்குழப்பம் எழுந்தது. அங்கே 'ஃபிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரை 'ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்' என மாற்ற வேண்டும் என்று லெங் ஆய்வறிக்கை 2025இல் பரிந்துரைத்தது. நோயாளிகள் அவர்களை டாக்டர் என்று எண்ணிவிடக்கூடாது என்பதே காரணம்.

சுவரை விடப் பதிவேடு பெரிது

சுவரில் தொங்கும் சான்றிதழை யாரும் அச்சிடலாம். பதிவேட்டில் தாமாகப் பெயர் எழுதிக்கொள்ள முடியாது. டாக்டர் ஒவ்வொருவருக்கும் மாநில மருத்துவக் கவுன்சில் ஒரு பதிவு எண் வழங்குகிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி அந்த எண்ணை மருத்துவமனையில் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் இரசீதிலும் குறிக்க வேண்டும். அவ்வெண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பெயர், பட்டம், பதிந்த ஆண்டு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

திருத்தணிக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. 1960 ஏப்ரல் 1 வரை இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கோடு மாறினாலும் நகரிக்கும் புத்தூருக்கும் போக்குவரத்து நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு டாக்டரின் பெயர் இல்லையெனில் உடனே போலி என்று முடிவு கட்டாமல், ஆந்திரப் பிரதேசக் கவுன்சிலின் பட்டியலையும் பார்க்க வேண்டும். எதிலும் இல்லையென்றால்தான் ஐயம் வலுக்கிறது. சித்த மருத்துவர்க்கும் ஹோமியோபதியர்க்கும் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன.

மருத்துவ உதவியாளர் முதலிய பணியினர்க்கும் பதிவேடு வேண்டும் என 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள்? எந்த டாக்டரின் மேற்பார்வையில் பணி செய்கிறீர்கள்? இரண்டாம் கேள்விக்கு விடை இல்லையெனில், முதற்கேள்விக்கான விடை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் போதாது.

தவறு நேர்ந்தால்?

தில்லியில், டைஃபாய்டுக்குச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்குத் தகுதியற்ற செவிலியர் ஒருவர் ஊசி போட்டார். சிறுவனின் இதயம் நின்றது. உயிர் பிழைத்தபோதிலும் மூளை மீளவில்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சிறுவனுக்கு 12.5 இலட்சம் ரூபாயும் பெற்றோர்க்கு 5 இலட்சமும் இழப்பீடாயின. உதவியாளரின் கைப்பிழை அவரை வேலைக்கு வைத்தவரின் பிழையாகவும் ஆகிறது.

இத்தகைய இழப்பீட்டைச் சமாளிக்க டாக்டர்களும் மருத்துவமனைகளும் எடுத்துக்கொள்வது தொழில்சார் பொறுப்புக் காப்பீடு. இதை நம் சொந்த மருத்துவக் காப்பீட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் காப்பீடு சிகிச்சைச் செலவுக்கானது. அவர்கள் காப்பீடு கவனக்குறைவால் விளைந்த தீங்குக்கானது. பெரிய அறுவைக்கு முன், "உங்களுக்கு அந்தக் காப்பீடு உண்டா?" என்று கேட்பதில் தவறில்லை. கூடவே, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் அம்மருத்துவமனை உள்ளதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

பதிவின்றி டாக்டராகத் தொழில் செய்வது குற்றம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஐயம் உறுதியானால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் முறையிடலாம்.

நெஞ்சு வலிக்கும் நேரத்தில் இவற்றையெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது. முதலுதவிக்கு 108ஐ அழைப்பதே சரி. எனவே உடல் நன்றாக இருக்கும் நாளில், நம் தெருவுக்கு அருகிலுள்ள டாக்டரின் பதிவு எண்ணைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வோம். தகுதி உடையவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். அன்று அந்த இளைஞர் நாம் கேட்காமலே சொன்னார். எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்பது நம் வேலை.