நூல் நுனியை இழுக்காதீர்கள்

ஜாசினில் எங்கள் தாமான் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சந்தைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். ஒரு மழை நாள் மாலையில் அங்குள்ள கால்வாய் ஓரத்திலிருந்து விடாமல் ஒரு சத்தம் வந்தது. அம்மா குடையோடு போனார், முந்தானையில் ஒரு பூனைக்குட்டியோடு திரும்பினார். இரண்டு மாதம் இருக்கலாம். உடம்பெல்லாம் சாம்பல் வரி. வால் பாதி நீளம்தான், அதன் நுனியும் வளைந்து முடிச்சுப் போட்டதுபோல் இருந்தது. அம்மாவின் குரோஷே ஊசியின் முனையும் அப்படித்தான் வளைந்திருக்கும். ‘கொக்கி’ என்று பெயர் வைத்தாயிற்று.

வால் அடிபட்டு உடைந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டு அக்கா வருத்தப்பட்டார். அது அடிபட்ட வால் இல்லை. நம் வட்டாரப் பூனைகளில் பலவற்றுக்கும் பிறவியிலேயே வால் அப்படித்தான். மலாயாவுக்கு வந்தே இராத சார்ல்ஸ் டார்வின்கூட, 1868-இல் வெளியிட்ட வீட்டு விலங்குகள் பற்றிய நூலில், மலாய்த் தீவுகள், சயாம், பர்மா பக்கத்துப் பூனைகளின் வால் குட்டையாகவும் நுனியில் முடிச்சோடும் இருப்பதைக் குறித்திருக்கிறார். கருவில் முதுகெலும்புக் கண்ணிகள் வரிசையாகப் பிரியும்போது வேலை செய்யும் மரபணுக்களில் ஒன்று ‘ஹெச்இஎஸ்7’. ஆசியக் குட்டைவால் பூனைகளிடம் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சந்துப் பூனை என்று நாம் அலட்சியமாகச் சொன்னாலும் அதன் வம்சக் கதை பெரியது.

அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பால்மரம் சீவியவர். அந்தக் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தோட்டத்தை விட்டு வந்த பிறகுதான் பின்னல் வேலையைப் பிடித்துக்கொண்டார். இந்த வெயிலில் கம்பளித் தொப்பி யாருக்கு என்று கேலி செய்பவர்கள் உண்டு. பிறந்த குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, உடல் சூடு தலை வழியாக நிறைய வெளியேறும், குளிர்சாதன அறையில் தொப்பி தேவைதான். என் தங்கைக்கு மூன்றாவது மாதம் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் நீல நூலும் வெள்ளை நூலும் உருண்டுகொண்டிருந்தன. கொக்கியும் கூடவே உருண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாட்காட்டிப் படங்களில் நூல்பந்தோடு பூனைக்குட்டி இருக்குமே, அதே காட்சி. அதைக் கைப்பேசியில் படம் எடுத்தவன் நான்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் குட்டி வாந்தி எடுத்தது. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று முறை. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சமையலறை மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புழுவாக இருக்கும் என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் கொடுத்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார் இன்னொருவர். நல்லவேளை, அன்று வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை.

மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். குட்டிக்கு மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து, தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினார். நாக்கு எழும்பியது. அதன் அடியில், நாக்கின் வேரைச் சுற்றி நீல நூல் ஒன்று வளையமாக மாட்டியிருந்தது. இரண்டு முனையும் தொண்டைக்குள் போயிருந்தன. அம்மாவுக்கு அது தன் நூல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கை தானாக நீண்டது.

“ஜாங்கான் தாரிக், ஆன்ட்டி,” என்றார் மருத்துவர். இழுக்காதீர்கள்.

அரம் போன்ற நாக்கு

நூலைப் பூனை வேண்டுமென்று தின்பதில்லை. பாதிக் குற்றம் அதன் நாக்கினுடையது.

பூனை நக்கினால் அரம் உராய்வதுபோல் இருக்கும். நாக்கின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான சிறு முட்கள் இருப்பதுதான் காரணம். அவை நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரம். எல்லா முட்களும் தொண்டையை நோக்கியே வளைந்திருக்கின்றன. எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டவும் உடம்பு மயிரைச் சீவவும் இந்த அமைப்பு மிகவும் ஏற்றது. ஆனால் நாக்கில் மாட்டியதைத் துப்ப முடியாது. நாம் வாயில் பட்ட தலைமுடியை நாக்கால் தள்ளி வெளியேற்றுகிறோம். பூனை நாக்கை அசைக்க அசைக்க நூல் உள்ளேதான் போகும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயல் என்ற பொறியியலாளருக்கு இந்த முட்கள் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணமே அவருடைய வீட்டுப் பூனைதான். மெல்லிழைப் போர்வை ஒன்றை நக்கப் போய் அதன் நாக்கு போர்வையில் மாட்டிக்கொண்டது. அவரும் டேவிட் ஹூவும் வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம்வரை பல பூனை இனங்களின் நாக்குகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். முட்களின் நுனி கரண்டியைப் போல் குழிந்திருக்கிறது. அந்தக் குழியில் எச்சில் தானாக ஏறி நின்று, மயிரின் அடிவரை போய்ச் சேருகிறது. பூனை தன்னைக் கழுவிக்கொள்வதும் உடம்பைக் குளிர்வித்துக்கொள்வதும் இப்படித்தான். நம் வெயிலில் அதற்கு இது எவ்வளவு உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அருமையான கருவிக்கு நூல் என்ற ஒன்று மட்டும் ஒத்துவராது.

மீதிப் பாதி, குட்டியின் வேட்டைப் புத்தி. ஏழெட்டு வாரத்தில் குட்டிகள் பொருள்களோடு விளையாடுவது வேகமெடுக்கும். இங்கிலாந்தில் சாரா ஹால், ஜான் பிராட்ஷா இருவரும் 1990-களில் செய்த சோதனைகளில், பசியோடு இருக்கும் பூனை பொம்மையை இன்னும் மூர்க்கமாகத் தாக்கியது. நாம் விளையாட்டு என்று நினைப்பது பூனைக்கு ஏறக்குறைய எலி பிடிப்பதுதான். பிடித்ததைக் கடிப்பதும் விழுங்குவதும் அதே தொடரில் வரும் செயல்கள். தரையில் நெளிந்து ஓடும் நூல் நுனிக்கும் எலியின் வாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

சுருக்குப்பை

அம்மா ஏன் கையை நீட்டினார் என்பது எனக்குப் புரிகிறது. பின்னல் என்பது ஒரே இழை கண்ணி கண்ணியாகத் தன்னையே கோத்துக்கொள்வது. நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். அம்மா வாழ்நாளில் ஆயிரம் தடவை அப்படிப் பிரித்திருப்பார். குடலில் நடப்பது இதற்கு நேர்மாறு.

வளர்ந்த பூனையின் சிறுகுடல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள மென்குழாய். அலையலையாகச் சுருங்கி விரிந்து உணவை அது பின்னோக்கித் தள்ளுகிறது. ஒரு பட்டாணியோ பொத்தானோ உள்ளே போனால் அலையோடு நகரும், அல்லது ஓரிடத்தில் அடைக்கும். நூல் அப்படியல்ல. ஒரு பகுதி நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாசலிலோ மாட்டிக்கொள்ள, மீதி குடலுக்குள் போகிறது. குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கிறது. நூல் நகரவில்லை. அதனால் குடல்தான் நூலின் மேல் ஏறி ஏறி மடிகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுகினால் துணி மடிப்பு மடிப்பாகக் கூடுமே, அதுதான்.

ஆபத்து இதற்குப் பிறகு இன்னும் கூடும். இறுகிய நூல் ஒவ்வொரு மடிப்பின் உட்புறத்திலும் உரசிக்கொண்டே இருக்கிறது. அவித்த முட்டையை நூலால் அறுப்போம் அல்லவா? அதே வேலை குடலில் நடக்கிறது. சுவரில் துளை விழுந்தால் குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து, கிருமித் தொற்று பரவி, உயிர் போய்விடும். வாயிலோ ஆசனவாயிலோ தெரியும் நுனியை நாம் இழுப்பது இந்த அறுப்பைச் சில நொடிகளில் முடித்துவைப்பதுதான். விளக்கெண்ணெயும் அப்படியே. குடலின் அலையை அது வேகப்படுத்துகிறது, நூலோ நகராது.

செயற்கை நூலானாலும் பருத்தியானாலும் ஆட்டுக் கம்பளியானாலும் பூனையின் வயிற்றில் கரையாது. எக்ஸ்ரேயிலும் நூல் தெரியாது. படத்தில் கொக்கியின் குடல் ஒரு பக்கமாகக் கூடி நின்றதும், மடிப்புகளுக்கு இடையே காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்ததும்தான் தெரிந்தன. அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் நாக்கடி வளையத்தை வெட்டி நூலின் பிடியைத் தளர்த்தினார்கள். பிறகு இரைப்பையில் ஒன்றும் குடலில் இரண்டுமாகச் சிறு கீறல்கள் போட்டு, துண்டு துண்டாக நூலை எடுத்தார்கள். ஒரே இடத்தில் கீறி மொத்தத்தையும் உருவினால் அதுவும் இழுப்பதுதானே. குடலில் துளை விழவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நிலைமை வேறு என்றார் மருத்துவர்.

லயத்துப் பூனையும் தாமான் பூனையும்

லயத்துக் காலத்தில் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார் அம்மா. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. லயத்துப் பூனை வீட்டுக்குள் வளர்ந்ததில்லை. எலி பிடித்தது, அடுப்பு மேட்டில் தூங்கியது, பாம்பு கடித்தோ லாரியில் அடிபட்டோ செத்தது. தோட்டத்து எலிகளைப் பிடிக்க இப்போது கூண்டுப்பெட்டி வைத்துக் கூகைகளை வளர்க்கிறார்கள். பூனையோ நம்மோடு தாமான் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறது. பாம்புக்கும் லாரிக்கும் அது தப்பியாயிற்று. கூட இருப்பவை நம் பொருள்கள் மட்டுமே.

அந்தக் கண்ணோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சாமி மேடைக்குக் கீழே பூக்கட்டிய மிச்ச நூல். கோயிலில் கட்டி, கையிலிருந்து அவிழ்த்து வைத்த மஞ்சள் கயிறு. ஊசியோடு சேர்ந்த தையல் நூல், இது எல்லாவற்றையும்விட மோசம். கடைக் கோப்பிப் பையைக் கட்டித்தரும் ராஃபியா கயிறு. நாசி லெமாக் பொட்டலத்தின் ரப்பர் பேண்டு, சம்பால் வாசனையோடு. மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வணிகத்துக்காக நட்டது நம் மலாக்காவில்தான், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்பவர். அந்த மரத்தின் பாலைத்தான் அம்மா பல வருடங்கள் சேகரித்தார். அதில் செய்த வளையம் ஒன்று குப்பைத்தொட்டி ஓரத்தில் பூனைக்குட்டிக்காகக் காத்திருந்தது.

குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சாப்பிடாமல், கூனி உட்கார்ந்திருந்தால், எச்சில் ஒழுகினால், வாயைக் காலால் பிறாண்டிக்கொண்டால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நூல் நுனி எங்காவது தெரிந்தால் தொடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். அதே நூலில் மிச்சம் இருந்தால் கூட எடுத்துப் போங்கள், என்ன வகை, என்ன தடிமன் என்று அவர்கள் தெரிந்துகொள்ள உதவும். வலிக்குமே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை, ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடலாம்.

விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் முடியாது. கசக்கிய காகிதம், மேசைப்பந்து, விழுங்க முடியாத அளவில் துணி எலி, எதுவும் போதும். ஹாலும் பிராட்ஷாவும் கண்ட இன்னொரு விஷயம் இங்கே உதவுகிறது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பூனைக்குச் சீக்கிரம் சலித்துவிடும். வேறொன்றை மாற்றிக் கொடுத்தால் புதிய வேகத்தோடு பாய்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையில் பரப்பாமல் நாளுக்கு ஒன்றாக எடுத்துவிடுகிறோம். கயிறு கட்டிய குச்சி, நாம் கூட இருக்கும்போது மட்டும்.

கொக்கி ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது, வயிற்றில் மயிர் மழித்த இடத்தில் தையலோடு. மருத்துவர் எடுத்த நூல் துண்டுகளை ஒரு சிறு பையில் போட்டுத் தந்திருந்தார். அம்மா அவற்றைக் கழுவி, சாப்பாட்டு மேசையில் நுனியோடு நுனி வைத்து அளந்தார். ஒன்றரை முழம். பிறகு பாதியில் நின்ற நீலத் தொப்பியை எடுத்துக் கண்ணிகளை எண்ணினார். “ரெண்டு வரிசை,” என்றார். “அன்னைக்கே நூல் குறையுதேன்னு நெனச்சேன்.”

இப்போது நூலும் ஊசியும் மூடி போட்ட பெரிய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அம்மா பின்ன உட்காரும்போது அறைக் கதவு சாத்தப்படுகிறது. கொக்கி வெளியே கதவடியில் கையை நுழைத்துத் தேடும். அம்மா வேலையை முடித்து டின்னை மூடி வெளியே வைத்ததும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வட்டமான டின், வளைந்த குட்டை வால் ஓரத்தில் தொங்கும்.