அடுப்படியிலிருந்து நேரலை



கைப்பக்குவத்தை நம்பிச் சாப்பாட்டு வியாபாரம் தொடங்க ஆசையா? கடைக்கு முன்பணம் இல்லையென்று தயங்க வேண்டாம். சமைப்பதைச் செல்போனில் நேரலையாகக் காட்டுங்கள். வாடிக்கையாளர் உங்கள் தெருவிலேயே கிடைப்பார்கள்.

யூடியூபில் செல்போன் வழியாக நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதன்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே அக்கம்பக்கத்தாரை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன எண்ணெய், என்ன அரிசி, எவ்வளவு சுத்தம் என்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பதுதான் நேரலையின் பலம். காலையில் வத்தக்குழம்பு கொதிக்கும்போதே மதியச் சாப்பாட்டுக்கு வாட்ஸ்அப்பில் முன்பதிவு வாங்குங்கள். கேட்டவர்களுக்கு மட்டும் உலை வைத்தால் உணவும் வீணாகாது, கைக்காசும் கரையாது.

நேரலையில் வரும் கேள்விகளுக்கு அடுப்பைக் கவனித்தபடி பதில் சொல்வது கடினம். அதை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, வீட்டிலிருந்து விற்பவரும் பதிவு செய்ய வேண்டும். அதற்கான இணையதளம் ஃபாஸ்காஸ். கிடைக்கும் 14 இலக்க எண்ணை நேரலையிலும் காட்டுங்கள்.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சமைத்ததைச் சூடு ஆறுமுன் கொடுத்தனுப்புங்கள்.

சமையல் தெரிந்த சகோதரிகளே, சகோதரர்களே, முதலில் பதிவு செய்யுங்கள். பிறகு துணிந்து அடுப்பைப் பற்றவையுங்கள்!