எந்திரத்தின் சொல்: உரையா, ஐதிகமா?

ஈப்போவை அடுத்திருந்த ஓர் இரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிக்கு நினைவு மலர் வெளியிட முன்னாள் மாணவர்கள் முனைந்தபோது, அதன் வரலாற்றுப் பகுதியைத் திருத்தித் தரும் பணி நம்மிடம் வந்தது. தோட்டம் இன்று இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. லயங்களில் வாழ்ந்தோர் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டனர். மலர்க்குழுவைச் சேர்ந்த மாணவி ஒருவர், பள்ளி தொடங்கிய ஆண்டைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு எழுதியிருந்தார். பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக 1868ஆம் ஆண்டில் தோட்ட நிருவாகி பள்ளியை நிறுவினார் என்பது அதன் விடை. சந்திப் பிழைகூட இல்லாத வாக்கியம். "இவ்வளவு தெளிவாகச் சொல்கிறதே ஐயா, தெரியாமலா சொல்லும்?" என்றார் மாணவி.

அவ்வினாவுக்குள் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. எந்திரத்துக்குத் 'தெரியும்' எனக் கூறலாமா என்பது ஒன்று. அதன் சொல்லை நம்பலாமா என்பது மற்றொன்று.

'நான்' என்னும் சொல்

எந்திரம் சிந்திக்குமா என்னும் வினா தெளிவற்றது என்று கருதிய ஆலன் டூரிங், உரையாடலில் அதனை மனிதரிடமிருந்து பிரித்தறிய இயலுமா என்று 1950இல் மாற்றிக் கேட்டார். 1966இல் சோசப் வைசன்பாம் வெளியிட்ட 'எலைசா' என்னும் நிரல், கேட்பவரின் வாக்கியத்தையே திருப்பி வினாவாக்கியது. அவ்வளவுக்கே மக்கள் அதனிடம் மனம் திறந்து பேசியதைக் கண்டு அவரே திகைத்தார். 'நான்' என்று ஒன்று பேசினால் அதற்கு உள்ளம் உண்டு என்று கொள்வது நம் இயல்பு.

தமிழ் இலக்கணம் இவ்விடத்தில் எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. தொல்காப்பியர் தன்மை வினைகளை உயர்திணையுள் வைத்தார். நன்னூலாரோ தன்மையை இருதிணைக்கும் பொதுவாக்கினார்; அஃறிணைப் பொருள்கள் பேசுவன போலக் கூறும் மரபையும் ஏற்றார். அந்தப் 'போல' என்னும் உவம உருபையே மாணவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்றைய எந்திரம் மிகப் பெருந்தொகையான எழுத்துகளைப் பயின்று, ஒரு சொற்கூற்றை அடுத்து எது வரும் வாய்ப்பு மிகுதி என்று கணித்து, ஒவ்வொன்றாக அடுக்குகிறது. பள்ளியின் தோற்றத்தைக் கூறும் வாக்கியத்தில் ஓர் ஆண்டும் ஒரு நிறுவுநரும் இடம்பெறுவது வழக்கம். உரிய செய்தி இல்லாதபோதும் அவ்விடங்களை அது நிரப்பிவிடுகிறது. அதற்கு உணர்வு உண்டா என்பதை மெய்யியலார் இன்னும் வாதிடுகின்றனர். ஆயினும் வாக்கியத்தின் செம்மை, அறிவுக்குச் சான்றாகாது. அவ்வாதம் முடியும்வரை இரண்டாம் வினா காத்திருக்க வேண்டியதுமில்லை.

அளவைகளும் ஒரு பேயும்

அறிவு எவ்வழியே வந்தது என்று ஆராயும் கருவியை நம் முன்னோர் அளவை என்றனர். மணிமேகலையின் 27ஆம் காதை பத்து அளவைகளைக் கூறுகிறது. சிவஞான சித்தியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. காண்டல் நேரே அறிவது. கருதல் அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது. உரை நம்பத்தக்கார் சொல்.

அப்பத்தனுள் ஐதிகம் என்பதும் ஒன்று. இம்மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதைக் கேட்டுத் தெளிவதை அதற்கு எடுத்துக்காட்டாக மணிமேகலை தருகிறது. தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது புதிதன்று. பேய் உள்ள மரம் எது என எல்லாருக்கும் தெரியும்; முதலில் கண்டவர் யார் என ஒருவருக்கும் தெரியாது. எந்திரத்தின் விடை உரை போலத் தோன்றும் ஐதிகமே என்பது நம் கருத்து. பலர் எழுதியதன் சாயல் அதில் உண்டு. கண்டவரும் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை.

பள்ளியின் ஆண்டு

1868 என்னும் ஆண்டைக் கருதலே வீழ்த்திவிடும். பேராக் மண்ணில் இரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டது 1877இல். அவற்றுள் ஒன்று முதுமரமாய் இன்றும் நிற்கிறது; சென்று காணலாம். வணிக நோக்கிலான பயிரிடல் மலாயாவில் தொடங்கியது 1890களில். மரமே வராத காலத்தில் பால்வெட்டுவோர் ஏது?

பின்னர் மாணவியுடன் புந்தோங்கில் வாழும் மூதாட்டி ஒருவரைக் கண்டோம். தொண்ணூறு கடந்தவர், அப்பள்ளியில் பயின்றவர். "எப்பக் கட்டுனாங்கன்னு தெரியாது தம்பி. சப்பான்காரன் வந்தப்போ மூடிட்டாங்க. நான் அப்ப ரெண்டாம் வகுப்பு" என்றார். தாம் கண்டதைச் சொன்னார். காணாததைத் தெரியாது என்றார். மறுநாள் சென்று மீண்டும் கேட்கவும் இயலும். இதுவே உரை. ஈப்போ சப்பானியர் வசமானது 1941 திசம்பரில். எனவே 'பள்ளி 1941க்கு முற்பட்டது. தொடங்கிய ஆண்டு உறுதியாகவில்லை' என்றே மலரில் அச்சாயிற்று.

1868 அச்சேறியிருந்தால் அடுத்து எழுதுவோர் அம்மலரையே சான்று காட்டுவர். எந்திரமும் அதைப் பயின்று மீண்டும் கூறும். பேய் மரத்தில் நிலையாகக் குடியேறிவிடும். தோட்டங்கள் அழிந்து, அறிந்தோரும் மறைந்துவரும் நம் சமூகத்துக்கு இது சிறிய இழப்பன்று.

எந்திரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025 சனவரியில் தொடங்கிய 'ஐஃபா' என்னும் செய்தி சரிபார்ப்புச் சேவை தமிழிலும் விடை தருகிறது. அதற்குப் பின்னே ஒரு நிறுவனம் நிற்பது நன்றே. ஆயினும் எவ்விடையையும் தேடலின் தொடக்கமாகக் கொள்வதே முறை. ஆசிரியர்கள் மாணவரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம்: இதைக் கண்டவர் யார்? அறிந்த பிறவற்றோடு இது பொருந்துகிறதா? பிழையானால் பொறுப்பேற்பவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைக்காத செய்தியை ஏட்டில் எழுதாமல், அறிந்தவரை நேரில் சென்று கேட்கப் பழக்குவோம். கேட்கத்தக்கோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர்.