உங்களுக்குத் தெரியுமா? தருமபுரிக்கு மேலே குமிழிகள்!

நம் தலைக்கு மேல் 250 கிலோமீட்டருக்கும் அப்பால், மின்துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் சில இரவுகளில் கொந்தளிக்கிறது. பொழுது சாய்ந்ததும் அதன் அடிப்பகுதியில் மின்துகள்கள் விரைவாகக் குறைந்துவிடும். மேலே அடர்த்தி, கீழே வெறுமை. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா? அடர்த்தி குறைந்த பகுதி குமிழியாகக் கிளம்பி, சில சமயம் 1000 கிலோமீட்டரையும் தாண்டும்.

பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அங்கே எழும் குமிழிகள் அந்தக் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கே நீள்வதால் தருமபுரி வானமும் தப்புவதில்லை.

இந்தக் குமிழிகளைக் கண்காணிக்கும் பெரிய ரேடார் வெகு தொலைவில் இல்லை. திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ளது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அதற்கு 1024 யாகி ஆன்டெனாக்கள்! அதன் ரேடியோ அலையின் நீளம் சுமார் 5.7 மீட்டர். அதில் பாதி அளவுள்ள, அதாவது ஏறத்தாழ 2.8 மீட்டர் இடைவெளியில் குமிழிகளுக்குள் அமைந்த மின்துகள் ஒழுங்கின்மைகளே எதிரொலி தருகின்றன. காந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகப் பார்த்தால்தான் அவை சிக்கும் என்பதால் ரேடியோ கற்றையை வடக்கே சற்றுச் சாய்த்து அனுப்புகிறார்கள். அருமையான உத்தி!

மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் இரவுகளில், அதுவும் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், குமிழிகள் அதிகம். அப்போது ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறலாம்.